சுவரோரம் மஞ்சள் மூங்கில் வேண்டாம், சகோதரி

கேள்வி: ஐயா, வணக்கம். கோவை வடவள்ளிப் பக்கம் எங்கள் வீடு. மேற்கே இத்தனை நாள் காலி மனையாகக் கிடந்த இடத்தில் இப்போது மாடி வீடு எழும்பிவிட்டது. அவர்கள் மாடி ஜன்னலைத் திறந்தால் எங்கள் சமையலறை வாசல், துணி துவைக்கும் கல் எல்லாம் தெரிகிறது. சுவரை உயர்த்தினால் காற்று நின்றுவிடும் என்பதால் மூங்கில் வைக்க ஆசை. நர்சரிக்காரர் மஞ்சள் மூங்கிலைக் காட்டி, "இது ஓடுற ரகம் இல்லீங்க, ஒரே இடத்துல நிக்கும். சுவரை ஒட்டி ரெண்டடிக்கு ஒண்ணு வைங்க, 20 செடி போதும்" என்றார். முதல் தவணையாக ஆறு வாங்கி நிழலில் வைத்திருக்கிறேன். சுவர் நீளம் 40 அடி. சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே 9 அடி. அதே பக்கம் வடக்கு மூலையில் சம்ப் இருக்கிறது. கணவருக்குப் பாம்பு பயம். அத்தையோ, பாடை கட்டுகிற மூங்கிலை யாராவது வீட்டில் வைப்பார்களா என்கிறார், பூத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றும் சொல்கிறார். இரண்டு வருடம் முன்பு முன்வாசலில் நட்ட புத்தர் வயிறு மூங்கில் வயிறே இல்லாமல் நேராக வளர்ந்து நிற்கிறது, அது ஏன்? இணையத்தில் கறுப்பு மூங்கில் விதை விற்கிறார்கள், வாங்கலாமா?
— வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்த ஆறு செடியையும் இன்னும் மண்ணில் வைக்கவில்லையே, அதுவே பெரிய நிம்மதி. சுவரோரம் அவற்றை நடாதீர்கள். மூங்கில் வைக்கும் யோசனையைக் கைவிடச் சொல்லவில்லை. உங்கள் இடத்துக்கு ஏற்ற மூங்கில் வேறு.

நர்சரிக்காரர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மூங்கிலில் ஓடும் ரகம், தூர் கட்டும் ரகம் என்று இரண்டு உண்டு. ஓடும் ரகத்தின் கிழங்கு மண்ணுக்குள் படுக்கையாக நெடுந்தூரம் போய், எதிர்பாராத இடத்தில் முளை விடும். தூர் கட்டும் ரகத்தின் கிழங்கு குட்டையாகத் தடித்து, உடனே மேல்நோக்கி வளைந்து கழியாகிவிடும். வாழை பக்கக்கன்று விடுவதுபோல, ஒவ்வொரு புதுக்கழியும் தாயை ஒட்டியே வரும். நம் சமவெளியில் நன்றாக வரும் மூங்கில்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஓடாது, சரி. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு தூர் பருக்கும். எவ்வளவு பருக்கும் என்பது ரகத்தைப் பொறுத்தது. நர்சரியில் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுதான்.

மஞ்சள் மூங்கில் என்று நம் நர்சரிகளில் விற்பது பாம்புசா வல்காரிஸ் விட்டாட்டா. மஞ்சள் கழியில் பச்சைக் கோடு ஓடும், பார்க்க மிக அழகு. ஆனால் முதிர்ந்த தூரில் கழி மூன்று, நான்கு அங்குலப் பருமனுக்கு வரும், 30 அடியைத் தாண்டி 50 அடி வரைக்கும்கூடப் போகும். தூர் கட்டும் மூங்கில்களிலேயே இதன் கிழங்குக் கழுத்து சற்று நீளம் என்பதால் கழிகள் இடைவெளி விட்டு, அகலமாகப் பரந்து நிற்கும். இதைச் சுவரை ஒட்டி இரண்டடிக்கு ஒன்றாக வைத்தால் சில வருடங்களில் 20 தூரும் ஒன்றோடொன்று பின்னி, உங்கள் 9 அடியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். காம்பவுண்டு சுவருக்கு யாரும் ஆழமாக அஸ்திவாரம் போடுவதில்லை. அத்தனை பருமனான முளை அதை ஒட்டிக் கிளம்பினால் சுவர் விரியும். எதிர்ப்பக்கம் கிளம்பும் முளைகள் நடைபாதைக் கல்லைத் தூக்கும். அப்போது வெட்டி எடுக்கலாம் என்றால் மண்வெட்டியால் ஆகாது, ஜே.சி.பி.தான் வர வேண்டும். 9 அடிச் சந்துக்குள் அது எப்படி வரும்?

உங்களுக்கு நான் சொல்வது பாம்புசா மல்டிப்ளெக்ஸ். வேலி மூங்கில் என்றும் ஹெட்ஜ் பேம்பூ என்றும் விற்பார்கள். கடைக்குக் கடை பெயர் மாறும் என்பதால், இந்தத் தாவரவியல் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். கழி விரல் பருமன்தான், நன்கு வளர்ந்தாலும் ஒன்று, ஒன்றரை அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம். தரையிலிருந்தே இலை அடர்ந்து நிற்கும். மஞ்சள் நிறம்தான் உங்கள் ஆசை என்றால் இதிலேயே அல்போன்ஸ் கார் என்று ஒரு ரகம் இருக்கிறது. மஞ்சள் கழி, பச்சைக் கோடு, அதே அழகு சிறிய அளவில். புதுக்கழியில் வெயில் படும் பக்கம் இளஞ்சிவப்பு ஏறும். மேற்கு வெயில் படும் உங்கள் இடத்தில் அது நன்றாகவே தெரியும்.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். எதிர்வீட்டு ஜன்னல் 15 அடியில் இருந்தால் மறைப்பும் 15 அடி வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் துவைக்கிற கல்லருகே நின்று அந்த ஜன்னலைப் பாருங்கள். நடப்போகும் கோட்டில் வீட்டில் ஒருவரை ஒரு நீளக் கழியை, மாங்காய் பறிக்கும் தொரட்டி இருந்தால் அதையே, செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு கழியில் எந்த இடத்தில் மறைகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய உயரம். மறைப்பு நம் பக்கம் நெருங்க நெருங்க உயரம் குறைவாகவே போதும். உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால் 10 அடி, மிஞ்சினால் 12 அடியில் காரியம் முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. வேலி மூங்கிலுக்கு இது எளிய உயரம். மூங்கில் கழியை ஒருமுறை நுனி வெட்டினால் அந்தக் கழி மறுபடி உயராது, பக்கக்கிளைதான் அடர்த்தியாகும். எனவே உயரத்தை உங்கள் விருப்பப்படி நிறுத்திக்கொள்ளலாம்.

இடைவெளி: சுவரிலிருந்து 3 அடி தள்ளிக் கோடு போடுங்கள். செடிக்குச் செடி மூன்றரையிலிருந்து 4 அடி. சம்பைச் சுற்றி 6 அடி தூரத்துக்குள் எதையும் நட வேண்டாம். அந்த மூலைக்குத் தொட்டியில் வேறு செடி வையுங்கள். இந்தக் கணக்கில் ஒன்பது செடி போதும். மூங்கிலுக்கு ஆணிவேர் கிடையாது, புல் இனம்தானே. வேர் எல்லாம் மேல்மண்ணில் ஓரிரண்டு அடிக்குள் நார்நாராகப் பரவும். திடமான கான்கிரீட்டை அது உடைக்காது. ஆனால் சம்பில் மயிரிழை விரிசல் இருந்து ஈரம் கசிந்தால் அதைத் தேடிப் போகும். நடுவதற்கு முன் சம்பை ஒருமுறை காலி செய்து உள்பூச்சைப் பார்த்துவிடுங்கள். கழிவுநீர்க் குழாய் அந்தப் பக்கம் போனால் அதன் இணைப்புகளையும் பாருங்கள்.

எப்போது நடுவது என்பதில் கோவைக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் மேற்குச் சுவரில்தான் நேராக மோதும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், வேர் பிடிக்காத செடி என்னாகும்? ஆட்டி ஆட்டிப் புதுவேரை அறுத்துவிடும், இலையையும் உலர்த்திவிடும். அதனால் புரட்டாசியில் நட்டு வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடிக்க விடுங்கள். குழி இரண்டடிக்கு இரண்டடி. தோண்டிய மண்ணோடு நன்கு மட்கிய தொழுவுரம் சரிபாதி, கரையானுக்கு இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு. பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள், ஆழமாகப் புதைக்க வேண்டாம். கறுப்பு மண்ணாக இருந்தால் தண்ணீர் தேங்காதபடி பாத்தியைச் சற்று மேடாக்குங்கள்.

முதல் வருடம் செடி அப்படியே நிற்பதுபோல இருக்கும். உரக்கடைக்கு ஓட வேண்டாம், கீழே கிழங்கு கட்டிக்கொண்டிருக்கிறது. மூங்கில் கழி மரம்போல ஆண்டுதோறும் பருக்காது. மண்ணைவிட்டு வெளியே வரும்போது என்ன பருமனோ அதுதான் அதன் ஆயுளுக்கும். வளர வேண்டிய உயரத்தையும் அந்த ஒரே பருவத்தில், இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடும். தூர் வலுவாக வலுவாக, அடுத்து வரும் கழிகள்தான் தடிமனாகவும் உயரமாகவும் வரும். எனவே இரண்டாம் மழையில் வரும் முளைகள் நீங்கள் வாங்கிய செடியைவிடப் பெரிதாக இருக்கும். மூன்றாம் மழைக்குப் பிறகு ஜன்னல் மறைந்திருக்கும்.

தண்ணீருக்குச் சிறுவாணியைத் திறந்துவிட வேண்டாம், அது நமக்கு. போர் தண்ணீர் போதும், மிக உப்பாக இருந்தால் மட்டும் இலை நுனி கருகும். துணி அலசிய கடைசித் தண்ணீரை விடலாம், சோப்புக் காரம் மிகுந்த முதல் தண்ணீர் கூடாது. செடிக்குத் தாகமா என்று இலையே சொல்லும்: மதியத்தில் இலை நீளவாக்கில் சுருண்டு ஊசிபோல நின்றால் தண்ணீர் போதவில்லை. மாலையில் விட்டால் காலையில் விரிந்துவிடும். மாசி, பங்குனியில் பழுத்து உதிரும் இலையைப் பெருக்கி எரிக்காதீர்கள். தூரடியில் அப்படியே மூடாக்காகக் கிடந்தால் ஈரம் நிற்கும், மூங்கில் எடுத்துக்கொண்ட சிலிக்கா மண்ணுக்கே திரும்பும். வருடம் ஒருமுறை மழைக்கு முன் தொழுவுரம் போட்டு மண் அணையுங்கள். புதுக்கிழங்குகள் மேலே மேலே ஏறி வெளியே தெரியும் பழக்கம் மூங்கிலுக்கு உண்டு. அணைக்காமல் விட்டால் தூர் தளர்ந்து கழிகள் சாயும். இலை காற்றில் பறந்து பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கும் போகும், மழைநீர்க் குழாயை அடைக்கும். நடுவதற்கு முன்பே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, குழாய் வாயில் வலை வைக்கச் சொல்லுங்கள். ஜன்னலை மறைக்கத்தான் நடுகிறீர்கள் என்பதை அவர்களிடம் விளக்க வேண்டிய அவசியமில்லை!

இனி, மூங்கில் வைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடும் விஷயம்: கழித்தல். மூங்கிலை நட்டுவிட்டு மறந்தால் ஐந்தாறு வருடத்தில் நடுவில் காய்ந்த கழிகள் நெருக்கியடித்து, உள்ளே கைகூட நுழையாது. அப்புறம்தான் எலி, பாம்பு, சாய்தல் எல்லாம். ஆண்டுதோறும் தை, மாசியில், அந்த மழைக்கு வந்த கழிகள் முற்றிய பிறகு, கிழக் கழிகளை எடுங்கள். மூன்று வயதைத் தாண்டியவற்றில் மூன்றில் ஒரு பங்குவரை எடுக்கலாம். வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வருடக் கழியில் கணுவுக்குக் கணு உறை ஒட்டியிருக்கும், கணுவுக்குக் கீழே வெண்பொடி பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் போகும். இரண்டு வருடத்தது உறையும் பொடியும் உதிர்த்துப் பளபளப்பாக நிற்கும். அதற்கும் மூத்தது மங்கி, திட்டுத் திட்டாகப் பாசி படிந்து, கிளைக்குள் கிளை விட்டிருக்கும். வேலைக்கு வருபவரிடம் விட்டால் கை எட்டும் வெளிவட்டக் கழிகளை வெட்டிப்போட்டுவிட்டு, உள்ளே உள்ள கிழங்களை விட்டுவிடுவார். வெளிவட்டம்தான் இளசு, அடுத்த வருட முளை அதன் கிழங்கிலிருந்துதான் வர வேண்டும். அதை வெட்டினால் தூரே இளைத்துப் போகும். பக்கத்தில் நின்று காட்டுங்கள்.

வெட்டும்போது தரைக்கு மிக அருகே, ஒரு கணுவுக்குச் சற்றே மேலே, கணுவை ஒட்டி அறுக்க வேண்டும். கணுவுக்கு நாலு விரல் மேலே அறுத்தால் அந்த உள்கூடு ஒரு கிண்ணமாக நின்று மழைத்தண்ணீர் பிடிக்கும். டெங்கு கொசு முட்டையிட அது போதும். சுவர்ப் பக்கம் வேண்டாத முளை வந்தால் அரையடி உயரத்தில் இருக்கும்போதே காலால் தட்டுங்கள், ஒடிந்துவிடும். ஒரு மாதம் விட்டால் ரம்பம் தேட வேண்டிவரும்.

உங்கள் கணவருக்கு: மூங்கில் என்பதற்காகப் பாம்பு வருவதில்லை. பச்சை நிற மூங்கில் விரியன் மலைக்காட்டுப் பிராணி. நம் வீட்டுப் பக்கம் வரும் நல்ல பாம்பும் சாரையும் எலியைத் தேடி வருகின்றன. எலி அண்டுவது தூரடிக் குப்பையிலும், பழைய செங்கல், ஓடு அடுக்கிய இடத்திலும். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டடி வரை அடிக்கிளையைக் கழித்துத் தூரடியை வெளிச்சமாக வையுங்கள். மூடாக்கு இலையை மெல்லிய பரப்பாக வையுங்கள், குவிக்க வேண்டாம். சோற்றுக் கழிவை அங்கே கொட்டாதீர்கள்.

அத்தைக்கு: பாடைக்கு மூங்கில் என்பது சரி. ஆனால் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் ஊன்றுவதும் மூங்கிலில்தானே? திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில் தலமரமே மூங்கில்தான். பூக்கும் பயம் சும்மா வந்ததல்ல. மூங்கில் பல பத்தாண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடியும். மிசோரத்தில் ஒருவகை மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 1959-ல் அப்படிப் பூத்தபோது விதையைத் தின்று எலிகள் பெருகி, பிறகு வயலையும் தானியத்தையும் அழித்துப் பஞ்சமே வந்தது. 2007 வாக்கில் மறுபடி பூத்தது. அது காடு காடாகப் பூத்த கதை. நம் மலைகளில் முள் மூங்கில் பூத்தால் அந்த மூங்கிலரிசியைச் சேகரித்துச் சமைக்கிறார்கள். உங்கள் வேலி மூங்கில் பூப்பது அபூர்வம். பூத்தாலும் வாடுவது செடிதான்.

புத்தர் வயிறு மூங்கில் விஷயம் வேடிக்கையானது. அந்த வயிறு அதன் கஷ்டத்தின் அடையாளம். வேருக்கு இடம் குறைந்து, தண்ணீரும் உரமும் கட்டுப்பட்டால் கணுவிடை குறுகி உப்பும். நல்ல மண்ணில் நட்டு ஊட்டமாக வளர்த்தால் நேராக, உயரமாகப் போய்விடும். உங்கள் செடிக்குக் குறை ஒன்றுமில்லை, வசதியாக இருக்கிறது. வயிறு வேண்டுமென்றால் ஒரு சிறு கிழங்கைக் கழியோடு பிரித்து, குறுகிய தொட்டியில் வைத்து, காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். மண்ணில் வைத்தும் வயிறு மாறாதது வேண்டுமென்றால் மஞ்சள் மூங்கிலின் குட்டை உறவான வாமின் என்ற ரகம் இருக்கிறது. நம் ஊரில் பல கடைகளில் புத்தர் வயிறு என்று அதைத்தான் விற்கிறார்கள்.

கறுப்பு மூங்கில் விதையை வாங்காதீர்கள். பல பத்தாண்டுக்கு ஒருமுறை பூக்கும் இனத்துக்கு எல்லா நாளும் பாக்கெட்டில் விதை எங்கிருந்து வரும்? வந்தாலும் முளைப்புத்திறன் சில மாதத்தில் போய்விடும். படத்தில் காட்டுவது பெரும்பாலும் ஃபில்லோஸ்டாக்கிஸ் நிக்ரா, சீனத்தின் குளிர்ப்பகுதி மூங்கில், ஓடும் ரகம். கோவை வெயிலில் நோஞ்சானாக நிற்கும், ஊட்டிக் குளிரில் வைத்தால் ஓட ஆரம்பிக்கும். வெப்பத்தில் வளரும் ஜாவா கறுப்பு மூங்கில் வேறு, அது தூர் கட்டும் ரகம்தான், ஆனால் உயரம் உங்கள் இடத்துக்கு ஒத்துவராது. எந்த நர்சரியிலும் ஃபில்லோஸ்டாக்கிஸைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கிளை விட்ட கணுவுக்கு மேலே கழியைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். ஒருபக்கம் தட்டையாகப் பள்ளம் ஓடி, கணுவுக்கு இரண்டே கிளை இருந்தால் அது ஓடும் ரகம். கழி முழு உருளையாக, கணுவில் கொத்தாகப் பல கிளை இருந்தால் பெரும்பாலும் தூர் கட்டுவது. ரகங்களை நேரில் பார்த்து விசாரிக்க மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி உங்களுக்கு வெகுதூரமில்லை.

வாங்கி வைத்த ஆறில் ஐந்தை நர்சரியில் கொடுத்து வேலி மூங்கிலாக மாற்றக் கேளுங்கள். ஒன்றை வைத்துக்கொள்ள ஆசை என்றால் பெரிய தொட்டியில் வையுங்கள், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மாற்ற வேண்டும். மாற்றித் தர மறுத்தால், சொந்தத்தில் யாருக்காவது தோட்டம் இருந்தால் ஓடைக்கரையில் 15 அடிக்கு ஒன்றாக நடச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அங்கே அது அருமையாக வரும்.

முதல் தடவை கழிக்கப் போகும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். மூங்கில் உறைகளில், முக்கியமாக மஞ்சள் மூங்கிலின் உறையில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சுணை இருக்கும். பட்டால் அரிக்கும். தேய்க்க வேண்டாம், செலோடேப்பை ஒட்டி இழுத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள்.